தலையில் நோய், தொடையில் துளை: மூளைக்குப் போகும் வளைவுப் பாதை

மூளையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது என்று ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் தலையில் ஒரு கட்டுகூட இல்லை. வலது தொடை இடுக்கில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான். பார்க்க வரும் உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே: வியாதி தலையில், வைத்தியம் ஏன் காலில்?

அதற்குப் பதில் சொல்வது சுலபம். அடுத்த கேள்விதான் கடினம். ஒருவருக்கு முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அதே வியாதி, அதே மருத்துவர், இன்னொருவருக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. கடைசியில் ‘மேலே போக முடியவில்லை’ என்று சொல்லி வெளியே வருகிறார்கள். குடும்பத்தார் மருத்துவர்மேல் சந்தேகப்படுவார்கள், மெஷின்மேல் சந்தேகப்படுவார்கள், கிரகத்தையும் விட்டுவைக்க மாட்டார்கள். பல நேரங்களில் காரணம் மூளையிலேயே இருக்காது. நெஞ்சுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே அந்த மனிதரின் ரத்தக்குழாய் எத்தனை இடத்தில், எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதில் இருக்கும்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் மருத்துவர் பிரெஞ்சில் சொல்வார். புதுச்சேரியிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ போனில் விசாரிக்கும் சொந்தக்காரர்கள் அதையே ஆங்கிலப் பெயரில் கேட்பார்கள். இரண்டும் ஒன்றுதானா என்று தெரியாமல் நடுவில் இருப்பவர் திண்டாடுவார். எனவே:

1. ஆவேசே: பக்கவாதம், அதாவது ஸ்ட்ரோக். மூளைக்குப் போகும் ரத்தம் அடைபடுவது ஒரு வகை. மூளைக்குள் ரத்தம் கசிவது இன்னொரு வகை. பெரும்பாலானவை அடைப்பால் வருபவை.

2. அனெவ்ரிஸ்ம்: ஆங்கிலத்தில் அனியூரிசம். தமனியின் சுவர் ஓரிடத்தில் பலவீனப்பட்டு, சைக்கிள் டியூப் புடைப்பதுபோல் வெளியே தள்ளுவது.

3. மால்ஃபோர்மாசியோன்: தமனியும் சிரையும் நடுவில் நுண்குழாய்கள் இல்லாமல் நேராகப் பின்னிக்கொண்ட முடிச்சு. இங்கே ‘தமனி–சிரை முடிச்சு’ என்றே சொல்கிறேன்.

4. ஆர்தெரியோகிராஃபி: நம் ஊர் ஆஞ்சியோகிராம். ரத்தக்குழாய்க்குள் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பது.

5. ஆம்போலிசாசியோன்: உள்ளே போய் வேண்டுமென்றே ஒரு குழாயையோ புடைப்பையோ அடைத்துவிடுவது. பக்கவாதத்தில் அடைப்புதான் நோய், இங்கே அடைப்புதான் வைத்தியம். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

கதீட்டருக்கு ‘வடிகுழாய்’ என்று அகராதி சொல்கிறது. அது சிறுநீர்க் குழாய்க்குப் பொருந்தும். இங்கே எதுவும் வடிவதில்லை. குழாய் உள்ளே போகிறது, அதன் வழியாக இன்னொன்று போகிறது. கதீட்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

வாசல் ஏன் தொடையில்?

உடம்பிலுள்ள தமனிகள் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். எந்தக் கிளையில் ஏறினாலும் தண்டுக்கு வந்து, அங்கிருந்து வேறு கிளைக்குப் போகலாம். தொடை இடுக்கில் தமனி நல்ல பருமனாக, தோலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. விரல் வைத்தால் துடிப்பு தெரியும். பின்னால் எலும்பு இருப்பதால், வேலை முடிந்ததும் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தவும் முடியும்.

நுழையும் முறை 1953இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஸ்வென்-ஐவார் செல்டிங்கர் எழுதியது. ஊசியால் குத்து, ஊசிக்குள் மெல்லிய கம்பியை விடு, கம்பியை விட்டுவிட்டு ஊசியை உருவு, கம்பியின்மேல் குழாயை ஏற்று. கத்தி வேண்டாம். இவ்வளவு எளிதான யோசனைக்கு 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

அங்கிருந்து பாதை இப்படி:

1. இடுப்பு முதல் நெஞ்சு வரை. மகாதமனி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அகலம், பெரும்பாலும் நேர்ப்பாதை. ரெயூனியனில் சேன் போலிலிருந்து தெற்கே போகும் தமரின் நெடுஞ்சாலை மாதிரி. இங்கே யாருக்கும் சிரமம் இருப்பதில்லை.

2. நெஞ்சில் உள்ள வில். இதயத்திலிருந்து மேலே எழும் மகாதமனி ஒரு குடைக்காம்பு போல வளைந்து கீழே இறங்குகிறது. அந்த வளைவின் உச்சியிலிருந்து தலைக்கும் கைகளுக்கும் மூன்று கிளைகள் எழும்புகின்றன. கீழிருந்து வரும் கதீட்டர் உச்சியைத் தொட்டு, சரியான கிளைக்குள் திரும்ப வேண்டும். மூன்று கிளைகளும் வளைவின் உச்சியிலேயே இருந்தால் அதை முதல் வகை வில் என்பார்கள். வலது பக்கக் கிளை தாழ்ந்து இறங்க இறங்க இரண்டாம் வகை, மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் கதீட்டர் மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறியாக வேண்டும். சிலருக்கு இடது கழுத்துத் தமனி தனியாக எழாமல் வலது கிளையோடு சேர்ந்தே கிளம்பும். இதற்கு ‘மாட்டு வில்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. மாட்டின் மகாதமனி அப்படி இருப்பதில்லை என்று உடற்கூறு அறிந்தவர்கள் எத்தனை முறை சொன்னாலும் பெயர் போவதாக இல்லை.

3. கழுத்து. உள் கரோட்டிட் தமனி, சுமார் 5 மில்லிமீட்டர் அகலம். சிலருக்கு அம்பு மாதிரி நேராக இருக்கும். சிலருக்கு ‘ட’ எழுத்தைப் போல மடிந்திருக்கும். சிலருக்கு முழுசாக ஒரு சுற்றே சுற்றியிருக்கும்.

4. மண்டையோட்டின் அடி. இங்கே தமனி எலும்புக்குள் நுழைந்து, கண்ணுக்குப் பின்னால் இரண்டு மூன்று கூர்மையான திருப்பங்கள் எடுக்கிறது. ‘சைஃபன்’ என்று இதற்குப் பெயரிட்டவர் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ். 1927இல் உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகளை முதன்முதலில் எக்ஸ்ரேயில் காட்டியவர். இந்த வளைவு பிறந்த குழந்தைக்கும் உண்டு. எலும்பும் சவ்வும் பிடித்திருப்பதால் அசையவும் அசையாது.

5. மூளைக்குள். 3 மில்லிமீட்டர், பிறகு 2, பிறகு அதற்கும் கீழே. சுவர் மெல்லியது. உடம்பின் மற்ற தமனிகளைச் சுற்றித் தசையும் கொழுப்பும் தாங்கி நிற்கும். இவை தண்ணீர் போன்ற திரவத்தில் மிதக்கின்றன. கம்பி கொஞ்சம் அழுத்திக் குத்தினால் தடுக்க ஒன்றுமில்லை.

மூளையின் பின்பகுதிக்குப் போக முதுகெலும்பை ஒட்டி ஏறும் வேறு தமனி இருக்கிறது. அதன் வளைவுகள் வேறு, தர்க்கம் ஒன்றுதான்.

குழாய் ஏன் வளைகிறது?

சேன் லூயியிலிருந்து சிலாவோசுக்குப் போகும் மலைச்சாலையில் 400 வளைவுகள் என்று தீவில் குழந்தைக்கும் தெரியும். அந்தச் சாலை மலைக்காக வளைந்தது, வேறு வழியில்லை. ரத்தக்குழாய் வளைவதற்குக் காரணம் வேறு. அதற்குச் சரியான உவமை வீட்டுக் கொல்லையில் இருக்கிறது: துணி காயப்போடும் கொடி.

புதிதாகக் கட்டிய கொடி விறைப்பாக நிற்கும். தினமும் ஈரத்துணியைச் சுமந்து சுமந்து கயிறு நீண்டுபோகும். இரண்டு கம்பமும் நகர்வதில்லை, கயிறு மட்டும் நீளுகிறது. அந்தக் கூடுதல் நீளம் எங்கே போகும்? தொய்வாகத்தான் தெரியும். கரோட்டிட் தமனியும் அப்படித்தான். கீழ்முனை நெஞ்சில், மேல்முனை மண்டையோட்டின் எலும்புத் துளையில். சுவரில் ரப்பர்போல் இழுத்து மீளும் எலாஸ்டின் என்ற நார் இருக்கிறது. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த நார் ஒருமுறை இழுபடுகிறது. வயது ஏற ஏற நார் தளர்கிறது, குழாய் நீள்கிறது. மகாதமனியும் இதே காரணத்தால் நீண்டு விரிகிறது. முதல் வகையாக இருந்த வில் மெல்ல மூன்றாம் வகையாகிறது.

ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தால் கொடியில் தினமும் இரட்டைச் சுமை போட்டதற்குச் சமம். ரெயூனியனில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே ரத்தக்கொதிப்பு அதிகம். நீரிழிவு பிரான்சின் சராசரியைவிட ஏறத்தாழ இரு மடங்கு. நீரிழிவு குழாயை வளைப்பதைவிட உள்ளே படலம் படியவைத்து விறைப்பாக்குகிறது. வளைந்த குழாய், அதிலும் விறைத்த குழாய் என்றால் கதீட்டருக்கு இரட்டைத் தொல்லை.

வளைவு பிறவியிலேயே வருவதும் உண்டு. லோய்ஸ்–டீட்ஸ் போன்ற அரிய பரம்பரை நோய்களில் சின்ன வயதிலேயே தமனிகள் பாம்புபோல் நெளிந்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் தினசரி பார்ப்பது வயதும் கொதிப்பும் செய்த வேலையைத்தான்.

இதில் ஒரு கசப்பான முரண் இருக்கிறது. யாருக்குப் பக்கவாதம் வர வாய்ப்பு அதிகமோ, அவர்களுக்கே பாதையும் கோணலாக இருக்கிறது.

தள்ளினால் ஏன் போவதில்லை?

கட்டுரையின் மையம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கோவில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நெம்புகோல் போட்டு அசைப்பார்கள், வீதி முனையில் முட்டுக்கட்டை கொடுத்துத் திருப்புவார்கள். ஆனால் தேரை நடத்துவது முன்னால் இருக்கும் வடம். இழுப்பவர்கள் முன்னால் நிற்பதால்தான் தேர் திரும்புகிறது. கதீட்டருக்கு முன்னால் யாரும் இல்லை. மருத்துவரின் விரல்கள் இருப்பது தொடை இடுக்கில். நுனி இருப்பது ஒரு மீட்டருக்கு அப்பால், கண்ணுக்குப் பின்னால். வளைந்து நெளியும் ஒரு மெல்லிய குழாயைப் பின்னாலிருந்தே தள்ளி, இத்தனை முனைகளில் திருப்ப வேண்டும்.

அதில் மூன்று சிக்கல்கள்.

முதல் சிக்கல், உராய்வு. துறைமுகத்தில் படகுக் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் ஒரே ஆள் பெரிய படகையும் பிடித்து நிறுத்திவிடுவார். காரணம், சுற்றும் கோணம் கூடக் கூட உராய்வு கூட்டலாக வளர்வதில்லை, பெருக்கலாக வளர்கிறது. உராய்வு எண் 0.2 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்குத் தேவையான விசை சுமார் 3.5 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 7 அல்ல, சுமார் 12 மடங்கு. கோணலான கழுத்து உள்ளவருக்கு நெஞ்சிலிருந்து மூளை வரை எல்லா வளைவுகளையும் கூட்டினால் இரண்டு முழுச் சுற்று சாதாரணமாக வந்துவிடும். ‘ஒரே ஒரு வளைவுதானே கூடுதல்’ என்று நமக்குத் தோன்றும். மருத்துவரின் விரலுக்கு அது அப்படி இல்லை.

இந்தக் கணக்கு கயிற்றை இழுப்பதற்கானது. தள்ளுவது இன்னும் மோசம், அதுதான் இரண்டாவது சிக்கல். மெல்லிய பொருளைத் தள்ளினால் அது முன்னே போவதற்குப் பதில் நடுவில் மடங்கும். அகலமான மகாதமனிக்குள் கதீட்டர் மடங்கிச் சரிய நிறைய இடம் இருக்கிறது. தொடையில் 5 சென்டிமீட்டர் தள்ளியாகிவிட்டது, திரையில் நுனி அசையவே இல்லை என்றால், அந்த 5 சென்டிமீட்டரும் நெஞ்சில் எங்கோ தொய்ந்து கிடக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, அந்தத் தொய்வு சும்மா கிடக்காது. அழுத்திய ஸ்பிரிங் மாதிரி காத்திருக்கும். எங்கோ ஒரு வளைவில் பிடி தளர்ந்ததும் மொத்தமும் ஒரே நொடியில் விடுபட்டு, நுனி முன்னே பாயும். முன்னால் இருப்பது புடைத்து மெலிந்த அனெவ்ரிஸ்ம் சுவர் என்றால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் திறமையானவர்கள் தள்ளுவதைவிட இழுப்பதைக் கவனமாகச் செய்வார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே குழாயை இரண்டு மில்லிமீட்டர் பின்னால் இழுக்கிறார் மருத்துவர். நுனி பின்னால் வருவதற்குப் பதில் முன்னே நகர்கிறது. முதல்முறை பார்ப்பவருக்குக் கண்கட்டு வித்தைபோலத் தெரியும். நடந்தது இவ்வளவுதான்: வெளி வளைவில் ஒட்டிக் கிடந்த தொய்வு உள் வளைவுக்கு மாறியது, பாதை குறுகியது, மிச்ச நீளம் நுனிக்குப் போனது.

வளைவைக் கடந்ததும் எல்லாம் முடிந்துவிடாது. விறைப்பான கம்பி உள்ளே போனால் வளைந்த தமனியையே அது நிமிர்த்தப் பார்க்கும். நிமிர்ந்த தமனியின் உபரி நீளம் அக்கார்டியன்போல் மடிப்பு மடிப்பாகச் சேரும். திரையில் அது அடைப்புபோலவே தெரியும். கம்பியை எடுத்ததும் மறைந்துவிடும். அப்புறம், கண்ணுக்குப் போகும் சிறு கிளை பிரியும் இடம். பெரிய குழாய்க்குள் மெல்லிய கம்பி இருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு படி மாதிரி இடைவெளி இருக்கும். குழாயின் விளிம்பு அந்தக் கிளையின் வாயில் இடித்துக்கொண்டு நின்றுவிடும். ‘மேலே போக முடியவில்லை’ என்ற ஒரு வரிக்குள் இவற்றில் ஏதாவது ஒன்று, சில நேரம் எல்லாமே ஒளிந்திருக்கும்.

வளைவை வெல்லும் கருவிகள்

குழாயின் பருமனை அளக்கும் அலகுக்கு ஆங்கிலத்தில் ‘பிரெஞ்ச்’ என்று பெயர். பிரான்சில் ‘ஷாரியேர்’, 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் கருவி செய்த ஒருவரின் பெயரால். ஒரு ஷாரியேர் என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. தொடையில் நுழையும் வெளிக்குழாய் 6 முதல் 8 ஷாரியேர். மூளைக்குள் போகும் நுண்குழாய் சுமார் 2 ஷாரியேர், நீளம் ஒன்றரை மீட்டர். அதற்குள் போகும் கம்பி 0.36 மில்லிமீட்டர்.

ஒன்றுக்குள் ஒன்று, பழைய தொலைநோக்கிக் குழல் மாதிரி: கழுத்தில் நிற்கும் தடித்த குழாய், அதற்குள் சைஃபன்வரை ஏறும் நடுக்குழாய், அதற்குள் நுண்குழாய், அதற்குள் கம்பி. ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தாங்குதல். நடுக்குழாய் பரவலானதுதான் இந்தத் துறையில் நடந்த பெரிய மாற்றம் என்பேன். காகிதத்தில் அது வெறும் இன்னொரு குழாய். நுண்குழாய் மகாதமனியில் மடங்க இடமில்லாமல் செய்தது அதுதான்.

மற்ற உபாயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

1. மேற்பூச்சு. தண்ணீர் பட்டதும் விலாங்கு மீனாக வழுக்கும் பூச்சு. மேலே சொன்ன கணக்கில் உராய்வு எண் 0.2இலிருந்து 0.05 ஆனால், இரண்டு சுற்றுக்கு 12 மடங்கு என்பது 2 மடங்குக்கும் கீழே வந்துவிடும்.

2. நுனியின் வடிவம். நுண்குழாயின் நுனிக்குள் ஒரு சிறு கம்பியைச் சொருகி, வேண்டிய கோணத்துக்கு வளைத்து, கொதிநீராவியில் கொஞ்ச நேரம் காட்டுவார்கள். ஆறியதும் கம்பியை உருவினால் வளைவு நிற்கும். நோயாளியின் படத்தைப் பார்த்துப் பார்த்து, அவருக்கென்றே கையால் செய்வது.

3. வடம் கட்டுவது. நுண்குழாய் வழியாக ஒரு வலைச் சுருளையோ பலூனையோ முன்னால் அனுப்பி விரித்தால் அது தமனிச் சுவரைப் பற்றிக்கொள்ளும். அதை மெல்ல இழுத்தபடி பெரிய குழாயை ஏற்றுவார்கள். தேருக்கு முன்னால் ஒருவழியாக ஆள் கிடைத்துவிட்டார்.

4. உடம்பின் ஒத்துழைப்பு. ஆழ்ந்து மூச்சிழுத்தால் நெஞ்சில் உள்ள வில்லும் கிளைகளும் கொஞ்சம் நிமிரும். தலையை ஒரு பக்கம் திருப்பினால் கழுத்து வளைவு இளகும். ‘மூச்சைப் பிடியுங்கள்’ என்று சொல்வது படம் கலங்காமல் இருக்க மட்டுமல்ல.

5. வேறு வாசல். மூன்றாம் வகை வில்லுக்கு, மாட்டு வில்லுக்கு, மணிக்கட்டுத் தமனி வழியாகப் போவது பல நேரம் சுலபம். திருப்பத்தின் கோணம் மாறிவிடுகிறது. எதுவும் முடியாவிட்டால் கழுத்துத் தமனியிலேயே நேராகத் துளையிடுவதும் உண்டு. அங்கே ரத்தம் கசிந்தால் வீக்கம் மூச்சுக்குழாயை நெருக்கும் என்பதால் கடைசி வழியாகவே வைத்திருப்பார்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

அனெவ்ரிஸ்ம் என்றால், உள்ளே பிளாட்டினச் சுருள்களை நிரப்புவது. தலைமுடியைவிடச் சில மடங்கு தடித்த கம்பி, குழாயிலிருந்து வெளியே வந்ததும் பானைக்குள் பாம்பு சுருள்வதுபோல் தானாகச் சுருளும். முதல் சுருள் கூடை மாதிரி வெளிச்சுற்றை அமைக்கும். அடுத்தடுத்தவை உள்ளே நிரப்பும். ரத்த ஓட்டம் நின்று உள்ளே உறைந்துவிடும். சுருளை எப்படிக் கழற்றுவது? இத்தாலிய மருத்துவர் குயிதோ குக்லியெல்மி கண்ட வழி, சிறு மின்சாரம். சுருளும் தள்ளுகம்பியும் சேரும் இடத்தில் உள்ள எஃகை மின்சாரம் கரைத்துவிடும். பிளாட்டினம் அங்கேயே தங்கும். சோதனைச்சாலையில் மின்முனை தற்செயலாகக் கழன்று விழுந்ததிலிருந்து வந்த யோசனை. 1990இல் லாஸ் ஏஞ்சலசில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள்.

அதற்கு முன்னால், 1970களின் தொடக்கத்தில், மாஸ்கோவில் ஃபியோதர் செர்பினென்கோ கழற்றிவிடக்கூடிய பலூன்களைக் கொண்டு இதைச் செய்துகாட்டியிருந்தார். மே தினத்தன்று செஞ்சதுக்கத்தில் குழந்தைகள் கையில் நூலில் ஆடிய பலூன்களைப் பார்த்து வந்த எண்ணம் என்று சொல்வார்கள்.

சுருள் வைக்கும்போதும் வளைவு விடாது. சுருளைத் தள்ளினால் குழாய் பின்வாங்கும். கீழே தாங்குதல் இல்லாவிட்டால் நுனி புடைப்பைவிட்டே வெளியே வந்துவிடும்.

தமனி–சிரை முடிச்சில் கதை தலைகீழ். அங்கே ரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது. மிக மென்மையான நுண்குழாயை விட்டால் ஓடையில் இலை போவதுபோல் ரத்தமே அதை முடிச்சுவரை கொண்டுபோய்விடும். போன பிறகு பசை போன்ற திரவத்தைச் செலுத்தி அடைப்பார்கள். குழாயின் நுனியே பசையில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதற்காகவே நுனி கழன்றுவிடும் குழாய்கள் வந்தன.

அடைப்புப் பக்கவாதத்தில் வலைச் சுருளாலோ உறிஞ்சியோ ரத்தக் கட்டியை எடுக்கிறார்கள். பிரெஞ்சில் த்ரோம்பெக்தோமி. பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளியான மதிப்பீடு. வளைவால் வீணாகும் அரை மணி நேரத்தின் விலையை அதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் இதுவே நல்லதா?

இல்லை. மூன்று நிலைமைகளில் சான்று மூன்று விதமாக நிற்கிறது.

1. அடைப்புப் பக்கவாதம்: சான்று மிக வலுவானது. 2015இல் வரிசையாக வந்த ஐந்து ஆய்வுகள் கேள்விக்கு முற்றுப்புள்ளி வைத்தன. பிரான்சிலேயே 414 பேரிடம் நடந்த ‘த்ராஸ்’ ஆய்வில், மருந்தோடு கட்டியையும் எடுத்தவர்களில் 53 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் சொந்தக்காலில் நின்றார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதம். 2018க்குப் பிறகு, மூளை ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சமிருப்பவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள்.

2. வெடித்த அனெவ்ரிஸ்ம்: சுருள், மண்டையைத் திறந்து புடைப்பின் அடியில் கிளிப் போடுவது ஆகிய இரண்டு முறைக்கும் ஏற்றவர்களுக்குச் சுருள் முந்தியது. 2002இல் வந்த பன்னாட்டு ஆய்வில் 2143 பேர். ஓராண்டில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தவர்கள் சுருள் பக்கம் 23.7 சதவீதம், மண்டையைத் திறந்து கிளிப் போட்ட பக்கம் 30.6 சதவீதம். ஆனால் சுருள் வைத்த புடைப்பு மறுபடி திறக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதனால்தான் வருடக்கணக்கில் ஈஎர்எம் (ஆங்கிலத்தில் எம்ஆர்ஐ) எடுக்கக் கூப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வருமானத்துக்காக அல்ல.

3. வெடிக்காதவை: இங்கேதான் அவசரப்படக் கூடாது. பெரியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு மூளையில் ஒரு அனெவ்ரிஸ்ம் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அது தெரியவே வராது. அளவு, இடம், வயது, புகைப்பழக்கம், கொதிப்பு, குடும்ப வரலாறு எல்லாவற்றையும் பார்த்தே முடிவு. வெடிக்காத தமனி–சிரை முடிச்சில், 2014இல் வெளியான ‘அரூபா’ ஆய்வில் 223 பேரின் விவரம் கையில் இருந்த நிலையிலேயே ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கைவைத்தவர்களைவிடக் கைவைக்காமல் மருந்தோடு கண்காணித்தவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆய்வின் முறைபற்றி மருத்துவர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனாலும் ‘இருக்கிறது, எடுத்துவிடலாம்’ என்ற பேச்சு அதோடு அடங்கியது.

ஆகவே ‘வளைவு அதிகம், இப்போதைக்கு வேண்டாம்’ என்று மருத்துவர் சொன்னால் அதைக் கைவிரித்ததாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வெடிக்காத புடைப்பு ஒரு தட்டில், கோணல் பாதையில் கம்பியை ஓட்டும் ஆபத்து இன்னொரு தட்டில். கம்பி சுவரைக் கிழிக்கலாம், குழாயில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். உறையாமல் இருக்கத்தான் குழாய்களுக்குள் உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

தீவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

முகம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால், அல்லது இடி விழுந்ததுபோல் திடீர்த் தலைவலி வந்தால் அவசர மருத்துவ எண்ணான 15க்கு அழைக்க வேண்டும். வீட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்கு ஓடுவது நல்லெண்ணம்தான். ஆனால் இந்தச் சிகிச்சை எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. எங்கே கொண்டுபோக வேண்டும், சாலையா ஹெலிகாப்டரா என்பதை அந்த எண்ணில் இருப்பவர்கள்தான் முடிவு செய்ய முடியும். சிலாவோஸ் சாலை மழைக்குப் பிறகு பாறை விழுந்து மூடிக்கொள்ளும். மஃபாத் என்ற மலைப்பகுதிக்குச் சாலையே இல்லை.

முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை என்றால் நேரம் இருக்கிறது. கேட்க வேண்டியவை:

1. பாதையின் படம் எடுத்தாகிவிட்டதா? கழுத்து, நெஞ்சு வில் இரண்டும் ஸ்கானேரில் (சிடி ஸ்கேன்) முன்பே தெரியும். எந்த வகை வில், தொடையா மணிக்கட்டா என்று கேட்கலாம். மருத்துவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

2. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவரா? கட்டாயம் சொல்லுங்கள். அயோடின் மருந்து சிறுநீரகத்தைச் சோதிக்கும். சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

3. ஸ்டென்ட் அல்லது ரத்தத்தைத் திசைதிருப்பும் வலை வைக்கப்போகிறார்களா? அப்படியானால் ஆஸ்பிரினும் இன்னொரு மாத்திரையும் மாதக்கணக்கில். பல் பிடுங்கப் போகும்போது தானாக நிறுத்துவது, தீமிதிக்கு முன் 18 நாள் கரேம் (விரதம்) இருக்கும்போது விட்டுவிடுவது இரண்டுமே ஆபத்து. வலைக்குள் ரத்தம் உறைந்துவிடும். விரதம் இருக்கலாமா என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

4. உள்ளே வைத்த பொருளின் அட்டையைத் தந்தார்களா? பிளாட்டினம் காந்தத்தால் இழுபடாது. ஆனாலும் பின்னால் எங்கே ஈஎர்எம் எடுத்தாலும் அந்த அட்டையைக் கேட்பார்கள். இந்தியாவுக்குப் போகும்போது கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்வது நல்லது.

சிகிச்சை முடிந்து அறைக்கு வந்ததும் நோயாளி முதலில் கேட்பது, எப்போது எழுந்து உட்காரலாம் என்று. தொடை வழியாகப் போயிருந்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். துளையைச் சிறு அடைப்பானால் மூடியிருந்தால் கொஞ்சம் சீக்கிரம். இருமினால் அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ள வேண்டும். பிளாஸ்திரியின் கீழே சூடாக ஈரம் பட்டாலோ, தொடை வீங்கினாலோ, கால் சில்லிட்டாலோ உடனே நர்சைக் கூப்பிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.